நீர்மூழ்கிக்குள் வேப் ஊதலாமா? கடிதங்களுக்குப் பதில்

போன மாதம் நீர்மூழ்கிகளுக்குள் இருக்கும் காற்றைப் பற்றி எழுதியிருந்தேன். அதில் வேப் எனப்படும் மின் சிகரெட்டைப் பற்றி, அதன் பற்றரி ஆபத்து என்று, ஒரே ஒரு வரிதான் வந்தது. கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரிக்குத்தான். சிலவற்றைச் சுருக்கித் தருகிறேன். எந்த நாட்டுக் கடற்படை, என்ன வகைக் கருவி என்று ஒன்றும் சொல்லாமல் "ஊதலாமா?" என்று மட்டும் கேட்டவர்களுக்கு என் பதிலும் ஒற்றைச் சொல்தான்: கூடாது.

கேள்வி: என் அக்காவின் மகன் அமெரிக்கக் கடற்படையில் நீர்மூழ்கிப் பிரிவுக்குத் தெரிவாகியிருக்கிறான். சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாறிவிட்டான். உள்ளே விடுவார்களா ஐயா? (உப்புவெளி)

பதில்: விடமாட்டார்கள். அவர்களுடைய நீர்மூழ்கிகளுக்குள் சிகரெட் 2010 டிசெம்பர் 31 உடன் நின்றது. மின் சிகரெட்டைக் கப்பல், நீர்மூழ்கி, விமானம் எல்லாவற்றிலும் 2017 மே 14 முதல் நிறுத்தினார்கள். கரையில், தளத்துக்குள் குறித்த இடங்களில் மட்டும் ஊத விட்டார்கள். பெடியனிடம் சொல்லுங்கள், கருவியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகட்டும். ஊதாமல் பைக்குள் "சும்மா கிடக்கட்டும்" என்று கொண்டுபோவதும் பிழைதான். ஏன் என்பது கீழே வருகிறது.

கேள்வி: இத்தனை வருடம் உள்ளே சிகரெட் குடிக்க விட்டவர்கள்தானே? அப்போது கெடாத காற்று இப்போது மட்டும் கெடுமா? (கிண்ணியா)

பதில்: அப்போதும் கெட்டதுதான். அணுசக்தி நீர்மூழ்கியில் ஒரே காற்று திரும்பத் திரும்பச் சுழல்கிறது. அமீன் என்ற இரசாயனக் கரைசல் காபனீரொட்சைட்டை உறிஞ்சுகிறது. காபனோரொட்சைட்டையும் ஐதரசனையும் சுமார் 300 பாகை செல்சியசில் ஓர் ஊக்கியின் மேல் செலுத்தி எரிக்கிறார்கள். தூசியையும் எண்ணெய்த் துளியையும் மின்புலத்தால் பிடிக்கிறார்கள், மணத்துக்குக் கரி. இவ்வளவு இருந்தும் காபனீரொட்சைட்டு வெளிக்காற்றில் உள்ளதைப் போல் சுமார் பத்து மடங்கு நிற்பது அங்கே சாதாரணம். இந்த இயந்திரங்களை நம்பித்தான் ஒரு மூலையைப் புகைப்பவர்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். தடைக்கு முன் சோதித்தபோது, ஒரு நாளும் சிகரெட் தொடாத மாலுமிகளின் உடம்பிலும் அந்தப் புகையின் அடையாளம் இருந்தது. மூலைக்குக் கதவு போடலாம், காற்றுக்கு எப்படிப் போடுவது?

கேள்வி: வேப் வெறும் நீராவிதானே. கழிவறைக்குள் நின்று இரண்டு இழுவை இழுத்தால் உணரிகளுக்குத் தெரியுமா? தெரியாமல் செய்ய வழி உண்டா? (பெயர் வேண்டாம் என்று எழுதியவர்)

பதில்: பெயர் போடாதது உங்களுக்கே நல்லது. நீராவி இல்லை தம்பி. கிளிசரினும் புரொப்பிலீன் கிளைக்கோலும் நுண்துளிகளாக வருகின்றன, கூடவே நிக்கொட்டின். திரவத்தைச் சூடாக்கும் சுருள் மிதமிஞ்சிச் சூடானால் போமல்டிகைட்டு போன்ற நச்சுகளும் சேரும். ஒளிவதற்கு வழி சொல்லித் தருவது என் வேலை இல்லை.

கேள்வி: நிக்கொட்டின் இல்லாத திரவம் என்றால்? (தம்பலகாமம்)

பதில்: அதே துளி, அதே சுருள், அதே பற்றரி. அதே பதில்.

கேள்வி: நீங்கள் பற்றரியைப் பற்றித் தேவைக்கு மேல் பயப்படுத்துகிறீர்கள். யப்பான்காரன் முழு நீர்மூழ்கியையே லித்தியம் பற்றரியில் ஓட்டுகிறான். விரல் அளவு கருவி என்ன செய்துவிடும்? (சீனக்குடா)

பதில்: இந்தக் கடிதத்துக்காகத்தான் காத்திருந்தேன். எல்லாரும் புகையைக் கேட்கிறார்கள், பற்றரியைக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். 2017 தடைக்குக் காரணம் புகை என்றா நினைத்தீர்கள்? பற்றரிதான். அதற்கு முன் ஒரு வருடத்துக்குள் ஒரு டசின், அதற்குச் சற்றுக் கூட என்ற அளவில் அமெரிக்க மாலுமிகளின் கருவிகள் வெடித்தும் எரிந்தும் போயின. அவற்றில் பல காற்சட்டைப் பைக்குள் கிடந்தவை. ஊதிக்கொண்டிருக்கவில்லை, சும்மா கிடந்தன. தொடை வெந்தது. அப்போது கடலில் இருந்த கப்பல்களுக்கு என்ன சொன்னார்கள் தெரியுமா? கழற்றக்கூடிய பற்றரியைக் கழற்றி, பிளாஸ்டிக்கில் சுற்றி, கரை சேரும் வரை வைத்திருக்கச் சொன்னார்கள்.

இனி யப்பான் கதை. ஓரியூ என்ற நீர்மூழ்கி 2020 மார்ச்சில் சேவைக்கு வந்தது, பிரதான பற்றரியே லித்தியம் அயன். உண்மை. ஆனால் அங்கே ஒவ்வொரு கலத்தின் மின்னழுத்தமும் வெப்பமும் கண்காணிப்பில் இருக்கும். அந்த அறைக்கென்று தீயணைப்பு இருக்கும். யாரும் அதைச் சாவிக்கொத்தோடும் ஐந்து ரூபாய்க் குற்றியோடும் சேர்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டு ஏணி ஏறுவதில்லை. பற்றரியைக் கழற்றக்கூடிய கருவிகள் பலவற்றில் இருப்பது 18650 என்ற வகைக் கலம், அதாவது 18 மில்லிமீற்றர் தடிப்பு, 65 மில்லிமீற்றர் நீளம். அதன் மேலுறை கிழிந்து இரண்டு முனையும் ஓர் உலோகத்தில் தொட்டால் போதும். சூடு தன்னைத் தானே கூட்டிக்கொண்டு போகும். கலத்துக்குள்ளேயே ஒட்சிசன் பிறப்பதால் மூடி அணைக்கவும் முடியாது, தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்க வேண்டும். வெளிவரும் வாயுவில் ஐதரசன் புளோரைட்டும் இருக்கும், நுரையீரலை அரிக்கிற சாமான்.

உங்கள் வீட்டில் இது நடந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு முற்றத்துக்கு ஓடலாம். நீருக்கடியில்? காற்றோட்டக் குழாயே அந்தப் புகையை அடுத்த அறைக்குக் கொண்டுபோகும். நித்திரையில் இருப்பவன்வரை நூற்றுச் சொச்சம் பேரும் முகமூடியை மாட்டிக் காற்றுக் குழாயில் செருகிக்கொண்டு நிற்க வேண்டும். காற்றை மாற்ற மேலே வரவேண்டியிருக்கும். ஒளிந்திருக்க வேண்டிய கப்பல் ஒருவனின் காற்சட்டைப் பையால் மேலே வருகிறது.

நீருக்கடியில் புகை என்ன செய்யும் என்பதற்குத் தூரம் போகத் தேவையில்லை. 2014 பெப்ரவரியில் இந்தியாவின் சிந்துரத்னா என்ற நீர்மூழ்கியில் மின்வடங்களில் பிடித்த தீயின் புகையால் இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். அது வேப் இல்லைத்தான். ஆனால் புகைக்கு அது எங்கிருந்து வந்தது என்ற கணக்குக் கிடையாது.

கரையில் இருக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன். நிலாவெளி வெயிலில் நிறுத்திய மோட்டார் சைக்கிளின் இருக்கைக்கு அடியில் கருவியை வைக்காதீர்கள். வேறு கருவியின் சார்ஜரைச் செருகாதீர்கள். தலையணைக்குப் பக்கத்தில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுக்காதீர்கள். போன மாதமும் சொன்னேன், அடுத்த மாதமும் சொல்வேன்.

கேள்வி: இலங்கைக் கடற்படையில் நீர்மூழ்கி உண்டா? (மூதூர்)

பதில்: இல்லை. வெளிநாட்டு நீர்மூழ்கிகள் வந்து போகும், அவ்வளவுதான்.

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் எங்கள் துறைமுகத்தில் நின்ற பிரித்தானிய நீர்மூழ்கிகளில் சிகரெட் குடித்தார்களா? பாடசாலைச் செயற்றிட்டத்துக்குத் தேவை. (உயர்தர மாணவி, திருகோணமலை நகர்)

பதில்: நல்ல கேள்வி மகள். நான்காம் நீர்மூழ்கித் தொகுதி இங்கே அடமன்ட் என்ற தாய்க்கப்பலோடு நின்றது. 1944 ஜனவரியில் பினாங்குக்கு அப்பால் குமா என்ற யப்பானியக் குரூசரை மூழ்கடித்த டாலி ஹோ என்ற நீர்மூழ்கி இங்கிருந்து போனதுதான். அவை டீசல் கப்பல்கள். பகலில் மூழ்கியிருந்து, இரவில் மேலே வந்து இயந்திரத்தை ஓட்டிப் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும். சிகரெட்டுக்கும் பெரும்பாலும் அதுதான் நேரம். நீண்ட நேரம் கீழே கிடந்தால் உள்ளே ஒட்சிசன் குறையும். சாதாரணக் காற்றில் 21 சதவீதம் இருப்பது 16, 17க்கு இறங்கினால் தீக்குச்சி நின்று எரியாது. ஆசை இருந்தாலும் காற்று விடாது. ஈய அமிலப் பற்றரி சார்ஜ் ஏறும்போது ஐதரசன் வரும், 4 சதவீதம் சேர்ந்தால் ஒரு பொறி போதும் என்பதையும் செயற்றிட்டத்தில் எழுதுங்கள். புள்ளி கிடைக்கும்.

கேள்வி: வேப்பும் இல்லை, சிகரெட்டும் இல்லையென்றால் மாதக்கணக்கில் கீழே இருப்பவன் என்ன செய்வான்? (அலஸ்தோட்டம்)

பதில்: 2010 தடை வந்தபோது அமெரிக்கர்கள் நிக்கொட்டின் ஒட்டும் பட்டியும் மெல்லும் கமும் கொடுத்தார்கள். இரண்டிலும் புகையும் இல்லை, பற்றரியும் இல்லை. கப்பல் ஏறும் அன்று தொடங்காமல் சில கிழமைகளுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குவது நல்லது. முதல் கிழமை எரிச்சலாகத்தான் இருக்கும்.

கேள்வி: நான் வணிகக் கப்பலில் வேலை. சிங்கப்பூரில் கப்பல் ஏற வேண்டும். வேப்பைப் பெரிய பெட்டிக்குள் போட்டு அனுப்பலாமா? (லிங்கநகர்)

பதில்: ஒரே வரியில் இரண்டு பிழை. விமானத்தில் மின் சிகரெட்டைச் சரக்கறைக்குப் போகும் பெட்டிக்குள் போடக் கூடாது, கைப்பையில்தான் இருக்க வேண்டும். விமானத்துக்குள் சார்ஜும் போடக் கூடாது. காரணம் என்னவென்று இதுவரை வாசித்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அடுத்தது, சிங்கப்பூரில் 2018 முதல் அதை வைத்திருப்பதே குற்றம். இந்தியாவில் விற்பனையும் இறக்குமதியும் 2019 முதல் தடை. இங்கேயும் புகையிலை சேர்ந்த மின் சிகரெட்டுக்கு 2016 இலேயே தடை வந்துவிட்டது. கப்பல் ஏறுகிற ஆள் துறைமுகச் சட்டத்தைப் பார்க்காமல் பெட்டி கட்டுவதா? அந்தப் பெட்டியை அவிழ்த்து மறுபடி கட்டுங்கள்.