ரோமப் பேரரசு நாணயங்கள்: கேள்வி பதில்

கேள்வி: நான் இப்போதுதான் சேகரிக்கத் தொடங்குகிறேன், ஐயா. முதலில் எந்தக் காசை வாங்கலாம்?

பதில்: பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்துச் சிறிய வெண்கலக் காசை வாங்குங்கள். விலை குறைவு என்பதைவிட, அடித்த அக்கசாலையின் (நாணயம் அடிக்கும் கூடத்தின்) பெயர் அதிலேயே இருப்பதுதான் எனக்கு முக்கியமான காரணம். பின்பக்கத்தின் அடியில், கோட்டுக்குக் கீழுள்ள சுருக்கெழுத்துகளைக் கொண்டு அது அந்தியோக்கியாவைச் சேர்ந்ததா, அலெக்சாந்திரியாவைச் சேர்ந்ததா என்று அறியலாம். படைவீரர் இருவர் நிற்கும் வகையில், நடுவே இரண்டு கொடிக்கம்பங்கள் இருந்தால் கி.பி. 330ஐ ஒட்டிய ஆண்டுகள். எடையைக் குறைத்தபின், ஏறத்தாழ 335 முதல், ஒரே கம்பம்தான்.

கேள்வி: எழுத்துகளைக் கொண்டு ஆண்டைக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: பல காசுகளில் முடியும், இந்தத் துறையில் என்னை இருத்தி வைத்திருப்பதே அந்த இன்பம்தான். சொற்களுக்கு இடையே இடைவெளியில்லாமல் தலையைச் சுற்றி ஓடும் எழுத்துகள், பேரரசரின் பெயரும் பட்டங்களுமே. பேரரசர் வெஸ்பாசியனின் தெனாரியஸ் என்ற வெள்ளிக் காசு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பின்பக்கத்தில் பீடத்தின்மேல் கழுகு நிற்கிறது. இருபுறமும், அவர் ஏழாம் முறை கான்சல் என்ற உயர் ஆட்சிப் பதவி ஏற்றதைச் சொல்லும் சுருக்கமும் எண்ணும் உள்ளன. அது கி.பி. 76. ஆனால் 73இல் அவர் அப்பதவியை ஏற்கவில்லை என்பதால், நான்காம் முறை என்று பொறித்த காசு 72, 73 ஆகிய இரண்டில் எந்த ஆண்டையும் சேர்ந்ததாக இருக்கலாம். ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்ட ட்ரிப்யூன் (மக்கள் காவலர்) அதிகாரத்தின் எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தால், ஆண்டை இன்னும் நெருக்கமாகக் குறிக்கலாம்.

கேள்வி: கதிர்முடி அணிந்த தலையுள்ள என் காசு வெள்ளியா, செம்பா?

பதில்: இரண்டும் கலந்தது. அகஸ்டஸின் தெனாரியஸ் ஏறத்தாழத் தூய வெள்ளி. நீரோ 64ஆம் ஆண்டையொட்டி எடையையும் வெள்ளியையும் குறைத்தார். 215இல் கராகல்லா வெளியிட்ட கதிர்முடிக் காசு இரண்டு தெனாரியஸ் மதிப்புடையதென்று கருதப்படுகிறது. எடையோ ஒன்றரை தெனாரியஸ் அளவே. இரண்டாம் கிளாடியஸ் காலத்தில், 268 முதல் 270 வரை, வெள்ளி நூற்றுக்கு ஐந்துகூடத் தேறாது.

கேள்வி: புளி போட்டுத் தேய்த்தால் காசு பளபளக்குமா?

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நூற்றாண்டுகளாகப் படிந்த மேற்பூச்சுதான் எழுத்துகளைக் காக்கிறது. மண் போக வேண்டுமானால், காய்ச்சி வடித்த நீரில் பல நாட்கள் ஊறவிட்டு, நீரை மாற்றிக்கொண்டே இருங்கள். விரலில் ஒட்டும் வெளிர்பச்சைப் பொடி தென்பட்டால், அது குளோரைடு அரிப்பு. அந்தக் காசை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள்.

கேள்வி: வயலில் ரோமக் காசு கிடைத்தால் விற்கலாமா?

பதில்: கூடாது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 ரோமப் பொற்காசுகள் ஒன்றாகக் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமீது உளியால் வெட்டியிருந்தார்கள். அந்தக் காசுகள் ஒன்றிரண்டாகச் சந்தைக்குப் போயிருந்தால், ஒரே குவியலில் இத்தனை தலைகள் திட்டமிட்டு வெட்டப்பட்டதை நாம் அறிந்திருக்கவே முடியாது.