சொந்த மைதானத்தில் ஆடினாலும் ஊர்க்காரர்கள் வருவதில்லை. கால்பந்து கிளப்புக்கு உள்ளூர் ஆதரவாளர்களைச் சேர்ப்பதும் தக்கவைப்பதும் எப்படி?

கேள்வி கேட்டவர் கூடவே எழுதியிருப்பது இது: கிளப் ஆரம்பித்து நான்கு வருஷம் ஆகிறது, ஜெர்சி அடித்தாயிற்று, இன்ஸ்டாகிராம் பக்கம் இருக்கிறது, இரண்டு கோப்பை கூட வாங்கியாயிற்று. ஆனாலும் சொந்த மைதானத்தில் முப்பது பேர் நிற்பதில்லை, நின்றவர்களும் மறுவாரம் வருவதில்லை.

படித்ததும் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். மண்டபத்துக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில், பாக் நீரிணைக் கரையில் எங்கள் ஊர். மீன்பிடிதான் தொழில். அங்கே ஒன்பது வருஷம் கிளப் செயலாளராக இருந்தேன். ஊரே கூடி நின்ற ஆட்டமும் பார்த்திருக்கிறேன், ஊர் ஒதுங்கிக்கொண்ட ஆட்டமும் பார்த்திருக்கிறேன். ஒதுங்கியதற்குக் காரணம் நான் எடுத்த முடிவு. அதைச் சொல்லாமல் யோசனை மட்டும் சொன்னால் சரியாக இருக்காது.

அதற்கு முன் ஒன்று. உங்கள் ஆட்டம் எந்தக் கிழமை நடக்கிறது? சனிக்கிழமை சாயங்காலம் என்றுதான் நினைக்கிறேன். டிவியில் பெரிய ஆட்டமெல்லாம் சனிக்கிழமை நடப்பதைப் பார்த்து நாங்களும் அப்படித்தான் வைத்தோம். எங்கள் பக்கத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. சனிக்கிழமை அனுமதி டோக்கன் வாங்கிப் போன படகு ஞாயிறு காலையில்தான் கரைக்கு வரும். ஆக, ஊரில் பந்து பார்க்கிற வயசு ஆண்களில் பாதிப் பேர் கடலில் இருக்கிற நேரமாகப் பார்த்து மேட்ச் வைத்துவிட்டு, ஆள் வரவில்லை என்று இரண்டு வருஷம் குறைப்பட்டுக்கொண்டிருந்தோம். ஒரு படகு டிரைவர் அண்ணன்தான் கேட்டார், "ஏம்ப்பா, நாங்க இல்லாத நாளாப் பாத்துத்தான் வைப்பீங்களா?" என்று. மறுமாதமே ஞாயிறு சாயங்காலத்துக்கு மாற்றினோம். ஞாயிறு காலையில் மீனை இறக்கி, வலையை அலசி, குளித்துத் தூங்கி எழுந்தால் நான்கு மணி. பூசைக்குப் போகிறவர்களும் காலையிலேயே போய் வந்திருப்பார்கள். வேறு எதையும் மாற்றவில்லை, கூட்டம் இரண்டு மடங்கானது. உங்கள் ஊரில் கடல் இல்லாமல் இருக்கலாம். உப்பளமோ மில் ஷிஃப்டோ சந்தை நாளோ ஏதாவது ஒன்று ஊரின் வாரத்தை நடத்திக்கொண்டிருக்கும். அதைப் பார்த்து நாள் குறியுங்கள்.

இப்போது என் கதை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகுகள் கரையில் நிற்கும், ஆண்கள் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். எங்கள் கடற்கரையில் பந்தாட்டத்துக்கு அதுதான் பருவம். 2018 தடைக்காலத்தில் நாங்களே எழுவர் ஆட்டத் தொடர் நடத்தினோம். நோன்பு தொடங்குமுன் முடித்துவிட வேண்டும் என்று மே இரண்டாவது ஞாயிறு இறுதி ஆட்டம். செலவுக்கு வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர் ஒருவர் பெரிய தொகை கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். கோப்பை வெளியூருக்குப் போகக் கூடாது.

அவர் கேட்டதில் தப்பில்லை. பத்து வருஷமாக ஊரை விட்டிருப்பவருக்கு ஊர் ஜெயிக்கிறதைப் பார்க்க ஆசை இருக்காதா? நான்தான் அந்த ஆசையை நிறைவேற்றுகிற வழியைத் தப்பாகத் தேடினேன். வேறு மாவட்டத்திலிருந்து நான்கு பேரைப் பேசி வரவழைத்தேன். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பணம், சாப்பாடு, கார் வாடகை. ஆட்டம் தொடங்க அரைமணி நேரம் இருக்கும்போது வந்து இறங்குவார்கள், முடிந்ததும் ஏறிப் போவார்கள். அவர்களுக்காக எங்கள் பையன்கள் நான்கு பேரை வெளியே உட்கார வைத்தேன். அதில் ஒருவன் கோல்கீப்பர்.

அந்தத் தம்பியின் அம்மா கருவாடு யாவாரம் செய்கிற அக்கா. எங்கள் ஊரில் நல்ல தண்ணீர் என்றால் என்ன விலை என்று தெரிந்தவர்களுக்குத்தான் நான் சொல்லப்போவது புரியும். அந்த அக்கா ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வீட்டுத் தண்ணீரில் ஒரு குடத்தை எடுத்து, எலுமிச்சை பிழிந்து உப்புப் போட்டு இடுப்பில் வைத்துக் கொண்டு வருவார். எங்கள் டீமுக்கு மட்டும் இல்லை, எதிர் டீமுக்கும் ஊற்றுவார். கொடுத்துவிட்டுப் போகவும் மாட்டார். கோலுக்குப் பின்னால் உடைமர நிழலில் உட்கார்ந்து கடைசி வரை பார்ப்பார். அவர் உட்கார்ந்தால் அந்தத் தெருப் பெண்கள் பத்துப் பேர் கூட வந்து உட்காருவார்கள். அவர்களோடு பிள்ளைகள்.

முதல் ஆட்டத்தில் மகன் வெளியே உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது ஆட்டத்துக்குக் குடம் வரவில்லை. நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை, தண்ணீர் கேன் வாங்கி வைத்தேன். அரையிறுதியில் உடைமர நிழல் காலி. இறுதி ஆட்டத்தில் நாங்கள் மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். கடைசிக் கோல் விழுந்தபோது மைதானத்தில் கேட்ட சத்தத்தில் பெரும்பகுதி வேனில் வந்திருந்த எதிர் ஊர்க்காரர்கள் போட்ட சத்தம், நடுவரைத் திட்டுகிற சத்தம். நம் ஊர் ஆட்கள் கைதட்டினார்கள், அவ்வளவுதான். கோப்பையோடு போட்டோ எடுக்க நிற்கும்போது நான்கு ஆட்டக்காரர்கள் காரில் ஏறியிருந்தார்கள். ராமநாதபுரத்தில் பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமாம்.

அன்று ராத்திரி அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன். "உள்ள வா தம்பி, சாப்ட்டியா" என்றுதான் கேட்டார். அப்புறம் சொன்னார்: "என் மகன் ஆடலைங்குறதுக்காக நான் வராம இல்லப்பா. ஓடுறது யாருன்னே தெரியல. பேர் தெரியாதவனை என்னன்னு கூப்ட்டுக் கத்துறது?" எனக்குப் பதில் இல்லை. அந்த நாலு பேர் பெயர் எனக்கே முழுசாகத் தெரியாது.

அடுத்த மூன்று வாரத்தில் ஒரு சம்பவம். உங்களில் நிறையப் பேருக்கு நினைவிருக்கும். ஜூன் 1 அன்று மும்பையில் இந்தியா சீன தைபே அணியை 5-0 என்று ஜெயித்தது, சுனில் சேத்ரி ஹாட்ரிக் அடித்தார். பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். மறுநாள் சேத்ரி வீடியோ போட்டு, திட்டுவதானாலும் மைதானத்துக்கு வந்து திட்டுங்கள் என்கிற மாதிரி மக்களைக் கேட்டுக்கொண்டார். ஜூன் 4 கென்யா ஆட்டத்துக்கு டிக்கெட் எல்லாம் விற்றுத் தீர்ந்தது. அந்த வீடியோவை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நாட்டுக்கே கேப்டன், கூச்சப்படாமல் வந்து கேட்டார். கேட்டதும் ஜனங்கள் வந்தார்கள். எங்கள் ஊரில் நாங்கள் யார் வீட்டு வாசலிலும் போய் "வாங்க" என்று கேட்டதே இல்லை. போஸ்டர் ஒட்டினோம், வாட்ஸப்பில் போட்டோம். கல்யாணத்துக்குப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பிவிட்டு ஏன் வரவில்லை என்று கேட்கிற மாதிரி நடந்துகொண்டோம்.

இங்கே சிலர் சண்டைக்கு வருவார்கள், தெரியும். வெளியூர் ஆட்டக்காரன் வேண்டாம் என்றால் கிளப் வளருமா என்று. நான் வெளியூர்க்காரர்களுக்கு எதிரி இல்லை. 2018-19 இல் ஐ-லீக் என்ற தேசியக் கால்பந்துத் தொடரில் சென்னை சிட்டி கிளப் கோவையைச் சொந்த மைதானமாக வைத்து ஆடி சாம்பியன் ஆனது. அதில் பெத்ரோ மான்சி என்ற வெளிநாட்டு வீரர் 21 கோல் போட்டார். அவரும் வெளி ஆள்தான். ஆனால் சீசன் முழுக்க இருந்து ஆடினார், வாராவாரம் அதே முகம், அதே பெயர். பெயர் சொல்லிக் கூப்பிட ஜனங்களுக்கு நேரம் கிடைத்தது. கப்பலிலிருந்து இறங்கியவனானாலும் சரி, ஊரில் தங்கிப் பழகிப் புரோட்டாக் கடையில் கூட உட்கார்ந்து சாப்பிடட்டும், எங்கள் ஜனங்கள் தோளில் தூக்குவார்கள். நான் செய்தது அரைமணி நேரக் காரியம். இரண்டும் ஒன்றில்லை.

அடுத்த வருஷம் பணம் கொடுத்தவரிடம் போனில் பேசி, எங்கள் பையன்கள் மட்டும் ஆடப்போகிறார்கள், தோற்றாலும் தோற்போம் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி, லைவ் மட்டும் போடு" என்றார். அந்த வருஷம் வெளியூர்த் தொடர்களில் முதல் சுற்றிலேயே மூன்று முறை தோற்றோம். பொய் சொல்ல மாட்டேன், முதலில் கூட்டம் இன்னும் குறைந்தது. மூன்றாவது மாதத்தில்தான் திரும்பியது, அதுவும் வீடு வீடாகப் போனதால். ஆட்டத்துக்கு முந்தின நாள் ஆடப்போகிற பையன்களே அவரவர் தெருவில் போய்ச் சொல்ல வேண்டும். செயலாளர் போய்ச் சொன்னால் "பாக்கலாம்" என்பார்கள். பெற்ற பிள்ளை மாதிரி வளர்ந்தவன் வாசலில் நின்று "சித்தி, நாளைக்கு நான் ஆடுறேன்" என்றால் வராமல் இருப்பார்களா?

பெண்கள் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். உங்கள் முப்பது பேரில் பெண்கள் எத்தனை? எங்கள் மைதானத்துக்கு அவர்கள் வராததற்கு இரண்டு காரணம் இருந்தது. குடித்துவிட்டு வந்து கெட்ட வார்த்தை பேசுகிறவர்களை நாங்கள் தட்டிக் கேட்கவில்லை. அதை ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரை உட்கார வைத்ததும் சரி செய்தோம். இன்னொரு காரணம் தண்ணீர். குழாயில் நான்கு நாளைக்கு ஒருமுறை வரும். எத்தனை மணிக்கு என்று யாருக்கும் தெரியாது. வந்துவிட்டால் அந்த ஒரு மணி நேரத்தில் தள்ளுவண்டியில் ஆறு குடம் பிடித்தால்தான் உண்டு. விட்டுவிட்டால் லாரித் தண்ணீரைக் குடம் பத்து ரூபாய், பன்னிரண்டு ரூபாய் கொடுத்து வாங்க வேண்டும். கடலைப் பார்த்த வீட்டில் பிறந்து, குடிக்கிற தண்ணீருக்கு ராத்திரி பதினோரு மணிக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போன பெண்களை நான் சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன். என் அம்மாவுக்கு முழங்கால் போனதே அதில்தான். மனு எழுதிக் கொடுத்தோம், நேரில் போய் நின்றோம், "பாத்துட்டிருக்கோம்" என்றுதான் ஒவ்வொரு தடவையும் பதில். குழாய் திறக்கிற நேரத்தை ஒரு போர்டில் எழுதிப் போட என்ன செலவு ஆகும்? இதற்கும் கால்பந்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்பார்கள். எங்கள் ஊரில் சம்பந்தம் உண்டு. இப்போது நாங்கள் மேட்ச் நேரம் குறிக்கும் முன் தண்ணீர் திறந்துவிடுகிற அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறோம். அன்று தண்ணீர் முறை என்றால் பையன்கள் காலையில் போய் வண்டியை வரிசையில் போட்டு, வயசானவர்கள் வீட்டுக்குப் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் ஆட வருவார்கள்.

அப்புறம் மைதானம். எங்களுடையது சீமைக்கருவேல் மூடிக்கிடந்த புறம்போக்கு. அதை ஆள் வைத்து வெட்டக் கிளப்பில் பணம் இருந்தது. ஆனாலும் 2019 தடைக்காலத்தில் ஊரைக் கூப்பிட்டோம். வேரோடு பிடுங்க, முள் அள்ள, குழியை நிரவ, பதினொரு நாள். பெர்லினில் யூனியன் என்கிற கிளப்பின் மைதானத்தை 2008-09 இல் அதன் ஆதரவாளர்கள் இரண்டாயிரம் பேருக்கு மேல் சேர்ந்து, கிட்டத்தட்ட 1,40,000 மணி நேரம் கூலி வாங்காமல் வேலை செய்து புதுப்பித்தார்கள் என்று ஒரு தம்பி போனில் காட்டினான். அந்தச் சேதியை மைக்கில் வாசித்தோம். ஜெர்மனியோடு ஒப்பிடுகிறான் பார் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். முள் குத்திய கையோடு வேலை செய்த ஒரு தாத்தா, இப்போதும் கோல் கம்பத்துக்கு வலப்பக்கம் இருக்கிற இடத்தை "நான் வெட்டின இடம்" என்று சொல்லி அங்கேதான் நிற்பார். மழை தூறினாலும் வருவார்.

வந்தவர்களைத் தக்கவைக்க ஒரே ஒரு காரியம்தான் எங்களுக்குப் பலித்தது. இடைவேளையில் பத்து வயசுக்குள் இருக்கிற பிள்ளைகளை மைதானத்தில் இறக்கிப் பத்து நிமிஷம் ஆட விடுவோம். ஆண், பெண் எல்லாரையும்தான். பிள்ளை ஆடினால் வீடே வரும். குலுக்கல் பரிசு, பாட்டுக் கச்சேரி எல்லாம் செய்து பார்த்தோம். பரிசு விழுந்தவர் மறுவாரம் வரவில்லை. சேர் டிக்கெட் இருபது ரூபாய் என்று ஒரு சீசன் வைத்தோம். வசூலான காசைவிட இழந்த மனுஷர்கள் அதிகம். எடுத்துவிட்டோம்.

ஆனி, ஆடியில் கச்சான் காற்று மண்ணை வாரி அடிக்கும்போது இப்போதும் நூறு பேர்கூட வருவதில்லை. அதற்கு எங்களிடம் வழி இல்லை. காற்றில்லாத மாதங்களில் இருநூற்றைம்பது, முந்நூறு பேர் வருகிறார்கள். ஊரின் அளவுக்கு அது நிறைய.

அந்தக் கோல்கீப்பர் தம்பி இப்போது மஸ்கட்டில் இருக்கிறான். லைவ் கொஞ்சம் நின்றாலும் போன் போட்டுவிடுவான். அவன் இடத்தில் ஆடுகிற பையன் வேறு தெரு, வேறு சாதி, அந்த அக்காவுக்கு எந்த உறவும் இல்லை. போன ஞாயிறும் அவர் குடத்தைக் கொண்டுவந்து உடைமரத்தடியில் இறக்கிவிட்டு, ஆட்டம் முழுக்க அந்தப் பையன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்.

உங்கள் ஊர் எது என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். பக்கத்தில் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பையன்களைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். ஆட்டத்துக்கு முந்தின நாள் உங்கள் தெருக்களில் உங்களோடு சேர்ந்து வீடு வீடாக வரவும் தயார்.