மருத்துவம் வேண்டாம், மரபியல் படிக்கிறேன் என்கிறாள் மகள்

பட்டர்வொர்த்திலிருந்து எழுதிய ஐயாவுக்கு வணக்கம்.

மகள் பல்கலைக்கழகம் போவதற்கான எஸ்.டி.பி.எம். தேர்வை எழுதியிருக்கிறாள், மருத்துவத்துக்கு வேண்டிய புள்ளிகள் வந்துவிடும் என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள், அவளோ மனிதர்களின் மரபணுவை ஆராயப் போகிறேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள் என எழுதியிருந்தீர்கள். "இதெல்லாம் ஒரு வேலையா, சோறு போடுமா?" என்றும் கேட்டிருந்தீர்கள். வேலைதான். சோறும் போடும், கொஞ்சம் தாமதமாகப் போடும். ஆனால் அவளுக்குக் கணக்கு பிடிக்குமா என்பதை நீங்கள் எழுதவில்லை. எனக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

உங்கள் மகள் விரும்பும் துறைக்கு மக்கள்தொகை மரபியல் என்று பெயர். அதைச் சொன்னதும் வெள்ளைக் கோட்டும் சோதனைக் குழாயும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். இரத்தமோ எச்சிலோ எடுத்து டிஎன்ஏவைப் படிப்பது அந்த வேலையில் ஒரு சிறு பங்கு. அப்புறம் மாதக்கணக்கில் கணினி முன்னால்தான். ஒரு மரபணு வகை இந்தக் குழுவில் நூற்றுக்கு எத்தனை பேரிடம் இருக்கிறது, பக்கத்துக் குழுவில் எத்தனை பேரிடம், அந்த வேறுபாடு தற்செயலாக வந்ததா, இடம்பெயர்ந்ததால் வந்ததா, ஏதாவது ஒரு நோயைத் தாக்குப்பிடித்ததால் வந்ததா என்று புள்ளியியலை வைத்துப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான லூய்கி லூகா கவாலி-ஸ்ஃபோர்சா (1922–2018) இத்தாலியில் மருத்துவம் படித்தவர். கேம்பிரிட்ஜில் புள்ளியியல் மேதை ரொனால்டு ஃபிஷரிடம் வேலை பார்த்தார். பிறகு இத்தாலியின் பார்மா பகுதி ஊர்களில் தேவாலயப் பதிவேடுகளையும் ஊராரின் இரத்த வகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய்ந்தார். மலைமேல் இருக்கும் சின்ன ஊர்கள் ஒன்றுக்கொன்று அதிகம் வேறுபட்டன, சமவெளி ஊர்கள் அவ்வளவாக வேறுபடவில்லை. ஆள்தொகை குறைவாக இருந்தால் எந்த மரபணு வகை எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதை வெறும் தற்செயலே மாற்றிவிடும் என்பதற்கு அது நல்ல சான்றானது. வீட்டில் "டாக்டர் ஆனால்தான் மதிப்பு" என்று பேச்சு வந்தால் இவர் பெயரைச் சொல்லுங்கள். மருத்துவம் படித்துவிட்டும் இங்கே வரலாம், படிக்காமலும் வரலாம்.

இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டீர்களே, நம்மவர்களை வைத்தே சொல்கிறேன். 2009இல் ஹைதராபாத்தின் சிசிஎம்பி ஆய்வகத்தைச் சேர்ந்த லால்ஜி சிங், குமாரசாமி தங்கராஜ் ஆகியோரும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் இந்தியாவின் 25 குழுக்களின் மரபணுவை ஒப்பிட்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏறக்குறைய எல்லாரும் இரண்டு பழைய மூதாதைக் குழுக்களின் கலப்பு, அளவுதான் வேறு என்பது ஒரு முடிவு. (கல்யாண மண்டபத்தில் "எங்கள் சாதி சுத்தமானது" என்று பேசும் மாமாக்களுக்கு இது பிடிக்காது.) மருத்துவத்துக்கு உதவும் முடிவு இன்னொன்று. பல குழுக்கள் சில மூதாதையரிடமிருந்து கிளைத்து, நூற்றுக்கணக்கான ஆண்டுகள் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்ததால், சில அரிய குறைபாடுகள் அந்தக் குழுக்களுக்குள் தங்கிவிட்டன. ஆந்திரத்து வைசியர்களில் ஒரு பகுதியினருக்கு, அறுவை சிகிச்சையின்போது தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்தை உடல் உடைக்காது. மற்றவர்களுக்குச் சில நிமிடங்களில் தெளிவது இவர்களுக்கு மணிக்கணக்கில் நீடிக்கும், அதுவரை தானாக மூச்சுவிட முடியாது. முன்கூட்டித் தெரிந்தால் மயக்க மருத்துவர் வேறு மருந்துக்குப் போய்விடுவார்.

அதே 2009இல் வந்த இன்னோர் ஆய்வு, இதயத் தசைக்கான ஒரு மரபணுவில் டிஎன்ஏவின் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கும் மாற்றம் தெற்காசியர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 4 பேரிடம் இருப்பதைக் காட்டியது. நடுவயதுக்கு மேல் இதயம் பலவீனமாகும் வாய்ப்பை அது கூட்டுகிறது. வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமாசெபின் மாத்திரை இன்னோர் எடுத்துக்காட்டு. எச்எல்ஏ-பி*15:02 என்ற மரபணு வகை உடையவர்களுக்கு இந்த மாத்திரையால் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்று 2004இல் தைவான் ஆய்வாளர்கள் கண்டார்கள். சீனர், மலாய்க்காரர் உள்ளிட்ட ஆசியக் குழுக்களில் இது அதிகம், ஐரோப்பியரிடம் மிக அரிது. ஐரோப்பியரை மட்டும் ஆராய்ந்துகொண்டிருந்தால் இது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

நம் மலேசியாவுக்கு வருவோம். பள்ளியில் படிவம் 4 மாணவர்களுக்குத் தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாட்டுக்கான பரிசோதனை நடக்கிறதே, உங்கள் மகளும் அதற்கு இரத்தம் கொடுத்திருக்கலாம். செராஸில் தேசியப் பல்கலைக்கழகம் நடத்தும் மலேசியன் கோஹோர்ட் என்ற நீண்டகால உடல்நல ஆய்வில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்திருக்கிறார்கள். ஆனாலும் இடைவெளி பெரிது. உலகின் பல இடத்து மக்களின் முழு மரபணுத் தொகுதியையும் படித்து, 2015இல் முடிந்த '1000 ஜீனோம்ஸ்' திட்டத்தில் 26 குழுக்களைச் சேர்ந்த 2,504 பேர் இருந்தார்கள். தமிழர் என்று அதில் இருந்தவர்கள் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்கள். மலேசியாவிலிருந்து ஒரு குழுகூட இல்லை. தோட்டத்துக்கு வந்த நம் முன்னோர், பல ஊர், பல சாதி, இங்கே வந்து கலந்தவர்கள். அந்தக் கலப்பு நோய் விஷயத்தில் என்ன செய்திருக்கிறது என்று பார்க்க இங்கே ஆள் வேண்டும். உங்கள் மகளுக்கு இந்த எண்ணம் இருந்தால் அது வெறும் கனவு இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். இந்தத் துறைக்கு நல்ல பெயர் மட்டும் இல்லை. ஃபிஷரே மனிதரைத் தரம் பிரித்துப் பெருக்கும் கொள்கையை ஆதரித்தவர். 1990களில் உலகப் பழங்குடிகளின் மரபணுவைத் திரட்டும் திட்டத்தைக் கவாலி-ஸ்ஃபோர்சா முன்வைத்தபோது, எங்கள் இரத்தத்தை உறிஞ்ச வருகிறீர்களா என்று பழங்குடி அமைப்புகள் எதிர்த்தன. இங்கே ஒராங் அஸ்லி என்னும் நம் பழங்குடி மக்களிடம் ஆய்வு செய்ய, அவர்களுக்கான அரசுத் துறையான ஜாக்கோவாவின் அனுமதி வேண்டும். தாளில் கையெழுத்து வாங்குவதோடு அது முடிந்துவிடாது. கிராமத்தில் உட்கார்ந்து பேசப் பொறுமை வேண்டும்.

மகள் யாரிடம் ஆராய்ச்சிக்குச் சேரலாம் என்பதற்கு உங்கள் மைத்துனர் "பேராசிரியரின் எச்-இண்டெக்ஸைப் பாருங்கள்" என்றாராம். 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்த அளவு அது. எச்-இண்டெக்ஸ் 30 என்றால், குறைந்தது 30 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 30 இருக்கின்றன என்று பொருள். இந்தத் துறையில் ஒரே கட்டுரையில் ஐம்பது, நூறு பேர் பெயர் இருக்கும், அதனால் எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். அவரிடம் முனைவர் பட்டம் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். அதில் அதிகம் தெரியும்.

பணம். இளங்கலை, முதுகலை, முனைவர் பட்டம், அதற்குமேல் ஒப்பந்த ஆராய்ச்சி என்று முப்பது வயதைத் தாண்டித்தான் நிலையான இடம் கிடைக்கும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இன்ஜினியராகச் சேரும் அவள் வகுப்புப் பையன் அவளுக்கு முன்னால் வீடு வாங்குவான். மருத்துவம் மட்டும் நிச்சயம் என்று நினைக்க வேண்டாம். 2016 முதல் இளம் மருத்துவர்கள் ஒப்பந்தத்தில்தான் சேர்கிறார்கள், 2021 ஜூலையில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்ததைப் பார்த்தோம். மரபியலில் நடுவழியில் இறங்கவும் இடம் உண்டு. இளங்கலையோடு நின்றால் மருத்துவ ஆய்வகம், தடயவியல் டிஎன்ஏ வேலை. மேலே படித்தால் மரபணு ஆலோசகர் வேலை. கோடிங்கும் புள்ளியியலும் கைவசம் இருந்தால் வங்கிகூட வேலைக்கு எடுக்கும். அவை இல்லாமல் வெறும் உயிரியல் பட்டத்தோடு வெளியே வந்தால் கஷ்டம்தான், அதை நான் பூசி மெழுக மாட்டேன்.

இப்போதைக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான யு.பி.யு. விண்ணப்பத்தில் மருத்துவத்தையும் மலாயாப் பல்கலைக்கழகம், தேசியப் பல்கலைக்கழகம் இரண்டின் மரபியல் சார்ந்த படிப்புகளையும் போடட்டும். எதை மேலே எழுதுவது என்பதை அவளே முடிவு செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். முடிவு வரும்வரை வீட்டில் சும்மா இருக்காமல் பைத்தான் என்ற கணினி நிரல் மொழியைப் படிக்கத் தொடங்கட்டும். அவளுடைய கணிதப் புள்ளிகளையும், அவள் பார்த்து வைத்திருக்கும் படிப்புகளின் பாடத்திட்டத்தையும் எனக்கு அனுப்புங்கள். எதில் புள்ளியியல் சரியாக இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.