ஊஞ்சல் பலகை 38 கிலோ, பில் 101 கிலோ!

சேலம் சீலநாயக்கன்பட்டியில் ஊஞ்சல் பட்டறை நடத்தும் வாசகர் கேட்கிறார்: "ஐந்தடி தேக்குப் பலகையும் பித்தளைச் சங்கிலியும் சேர்த்து ஒரே பெட்டியாக பெங்களூருக்கு கூரியரில் அனுப்பினேன். கடைத் தராசில் 38 கிலோ. பில்லில் 101 கிலோ, போதாததற்கு 'ஓவர்சைஸ்' (அளவு மீறிய பெட்டி) என்று தனியாக ஒரு கட்டணம். ஏமாற்றா?"

ஏமாற்று என்று சொல்ல முடியாது. கணக்கு அப்படி. கூரியர்காரருக்கு எடையை விட வண்டியில் பிடிக்கும் இடம்தான் காசு. நிஜ எடை, இடத்தை வைத்துப் போட்ட எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். நீங்கள் எழுதிய பெட்டி அளவு 160 × 68 × 25 செ.மீ. மூன்றையும் பெருக்கி 27,000-ஆல் வகுத்தால் கன அடி, சுமார் 10. தரைவழி கூரியரில் ஒரு கன அடிக்கு 6 கிலோ, 8 கிலோ, 10 கிலோ என்று ஒப்பந்தத்தில் ஒரு எண் இருக்கும். உங்களுக்கு 10 போட்டிருக்கிறார்கள். வந்தது 100.7, மேலே ஏற்றி 101.

அந்த 27,000 எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒரு அடி 30 செ.மீ. என்று வைத்துக்கொண்டது. உண்மையில் ஒரு அடி 30.48. அதை வைத்தால் கன அடி 28,317 வரும், மேலே ஏற்றுவதற்கு முன் உங்கள் பெட்டி 96 கிலோவோடு நின்றிருக்கும். கிட்டத்தட்ட ஐந்து கிலோ அந்த அரை சென்டிமீட்டரில் போனது. கேட்டால் "எல்லாரும் இப்படித்தான் சார்" என்பார்கள். சரி, விடுங்கள்.

உங்கள் தப்பு சங்கிலியைப் பலகை மேலேயே சுருட்டி வைத்ததுதான். 25 செ.மீ. உயரம் சங்கிலிக்காக, ஆனால் அந்த உயரத்துக்கான காசு 160 செ.மீ. நீளம் முழுக்க. பலகையைத் தனியாக, மூலைக்கு அட்டை கொடுத்துச் சுற்றினால் 160 × 66 × 8 செ.மீ.க்குள் அடங்கும். கணக்கில் 32 கிலோ. சங்கிலி சின்னப் பெட்டியில் நிஜ எடை 11 கிலோ. மொத்தம் 43. இரண்டையும் ஒரே ரசீதில் இரண்டு உருப்படியாகப் போடச் சொல்லுங்கள். தனித்தனி ரசீது போட்டால் ரசீதுக் கட்டணம் இரண்டு தடவை. பெட்டி உப்பினால் உப்பிய இடத்தில்தான் அளவு டேப் வைப்பார்கள், அதையும் பாருங்கள்.

இனி நான் கத்த வேண்டிய இடம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புக்கிங் கடை வைத்திருப்பவர் கூரியர் கம்பெனி இல்லை, நடுவில் நிற்பவர். "நாங்க பாத்துக்கறோம் அண்ணே" என்று எடையை மட்டும் எழுதி, நீளம் அகலம் உயரம் கட்டங்களைக் காலியாக விடுவார். சிலர் இன்னும் தாராளம், நீளத்தைக் குறைத்தே எழுதித் தருவார்கள். ஹப்பில், அதாவது கம்பெனி சரக்குப் பிரிக்கும் இடத்தில், மெஷின் அளந்துவிடும். பத்து நாள் கழித்து வித்தியாசத் தொகை வரும்போது கடைக்காரர் "கம்பெனி போட்டது, நான் என்ன பண்றது" என்பார். எனக்கே ஒரு ரேக் விஷயத்தில் இது நடந்தது. ரசீதில் மூன்று கட்டமும் காலி, எதைக் காட்டிச் சண்டை போடுவது? அன்றிலிருந்து பெட்டி மேல் டேப்பை விரித்து, எண் தெரிய மூன்று பக்கமும் போன் போட்டோ எடுக்காமல் சரக்கை நகர்த்துவதில்லை. மூன்று அளவும் எழுதாத ரசீதை வாங்காதீர்கள்.

பெட்டியைப் பிரித்தாலும் ஓவர்சைஸ் கட்டணம் போகாது. 160 செ.மீ. நீளம் நீளம்தான். எத்தனை செ.மீ. தாண்டினால் அந்தக் கட்டணம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ரேட் கார்டில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அந்தத் தொகையின் மேல் டீசல் சர்சார்ஜ், அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று மாடி மேல் மாடியாகவும் ஏறலாம்.

ஒன்று மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊர் ஆசாரிகள் பத்திரத்துக்கு என்று சுற்றி ரீப்பர் கட்டை அடிப்பார்கள். அளவு எல்லைக்குள் இருந்தாலும், வெளியே மரச்சட்டம் தெரிந்தாலோ அட்டை முழுசாக மூடாவிட்டாலோ சில கம்பெனிகளில் கையாளும் கட்டணம் தனி. பெல்ட்டில் ஓடாது, ஆள் தூக்க வேண்டும் என்பது காரணம். ஆகவே சட்டம் வேண்டுமானால் உள்ளே அடியுங்கள், வெளியே அட்டை. சின்ன சங்கிலிப் பெட்டிக்கும் இதே கதைதான். அதற்கு ரீப்பரே வேண்டாம்.

அவசரமில்லாத பலகையை செவ்வாய்ப்பேட்டை லாரி ஆபீசில் போடுங்கள். லோடு ஓரத்தில் நிறுத்திவிடுவார்கள், நீளம் பெரிய விஷயமில்லை. வாடிக்கையாளர் குடோனில் போய் எடுக்க வேண்டும், தாமதித்தால் டெமரேஜ் (தாமதக் கட்டணம்), முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெளி மாநிலத்துக்குச் சரக்கு மதிப்பு ரூ.50,000 தாண்டினால் இ-வே பில் (ஜி.எஸ்.டி.க்காக ஆன்லைனில் எடுக்கும் சரக்குச் சீட்டு) கட்டாயம். சங்கிலி மட்டும் கூரியரில் போகட்டும்.

பழைய பில்லுக்கு, அதில் போட்ட அளவை விடப் பெட்டி சின்னது என்று காட்டும் போட்டோ இருந்தால் புகார் கொடுங்கள், கெடு சில நாள்தான். இல்லையென்றால் கட்டிவிடுங்கள்.