பாசிக்குப் போகும் பெண்களுக்கும் பாதுகாப்புக் குழு வேண்டும்

கேள்வி: பாம்பன் பக்கம் கடலில் முங்கிக் கடல்பாசி எடுக்கும் 16 பெண்கள் நாங்கள். பாறை வெட்டு, திருக்கை மீனின் முள் என்று அடிக்கடி யாராவது வேலைக்கு வர முடியாமல் போகிறது. ஆலைகளில் இருப்பதுபோல நாங்களும் பாதுகாப்புக் குழு வைக்கலாமா?

பதில்: தாராளமாக வைக்கலாம். 1984 போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு, 1987-இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்தான பொருள்களைக் கையாளும் ஆலைகளில் தொழிலாளரும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் உட்காரும் குழு அப்போதுதான் கட்டாயமானது. ஆலைகளுக்கான சட்டம் கடலுக்கு வராது, உங்களுக்கு முதலாளியும் இல்லை. ஆனால் வள்ளக்காரரும் பாசி வியாபாரியும் இருக்கிறார்களே, அவர்களைக் குழுவில் உட்கார வையுங்கள். கையுறைச் செலவில் பங்கு கேட்க அதுதான் இடம். கூடிப் பேசிக் கட்டுப்பாடு வைப்பது உங்கள் கரைக்குப் புதிதும் அல்ல. மாதம் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது என்று பெண்களே முடிவெடுத்த கரை அது. அதில் முன்னின்ற சின்னப்பாலம் ஊர் லட்சுமிக்கு 2015-இல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரப்படும் சீக்காலஜி விருது கிடைத்தது.

முதல் விதி, இணை. ஒருவர் முங்கும்போது மற்றவர் மேலே நின்று அவரையே பார்க்க வேண்டும். முங்கும் முன் வேகவேகமாக மூச்சை இழுத்து விடாதீர்கள். ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூச்சு முட்டும் உணர்வு தாமதமாகும். அதற்குள் நீருக்கடியிலேயே மயக்கம் வந்துவிடும்.

விரலில் சுற்றும் துணி ஈரத்தையும் மணலையும் பிடித்துவைத்துப் புண்ணை ஊற வைக்கிறது. ரப்பர் பூசிய பின்னல் கையுறை நல்லது. அளவு இறுக்கமாக இருக்கட்டும். தொளதொளத்தால் பாசி பிடிபடாது, இரண்டே நாளில் எல்லோரும் துணிக்கே திரும்பிவிடுவார்கள்.

வள்ளத்தில் ஒரு பிளாஸ்க் வெந்நீர் இருக்கட்டும். கையிலோ காலிலோ திருக்கை முள் குத்தினால், பொறுக்கக்கூடிய சூட்டில் (45 டிகிரிக்கு மேல் வேண்டாம்) 30 முதல் 90 நிமிடம் முக்கி வைத்தால் வலி தணியும். சூட்டை அடிபடாத கையால் பார்த்துக்கொள்ளுங்கள், குத்துப்பட்ட இடம் மரத்திருக்கும். முள் நெஞ்சிலோ வயிற்றிலோ பாய்ந்திருந்தால் பிடுங்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பாறை வெட்டை நல்ல தண்ணீரும் சோப்பும் கொண்டு கழுவித் துகள்களை எடுங்கள். கடைசித் தடுப்பூசி போட்டு 5 ஆண்டு தாண்டியிருந்தால் டெட்டனஸ் ஊசி அவசியம்.

ஒரு நோட்டில் தேதி, இடம், என்ன நடந்தது, எத்தனை நாள் வேலை போனது என்று எழுதி வாருங்கள். கரையில் எந்த இடம் வெட்டுகிறது என்று மூன்று மாதத்தில் அதுவே காட்டிக்கொடுக்கும். கடலோரக் காவல்படையின் 1554 எண் எல்லோர் கைபேசியிலும் இருக்கட்டும்.