வட்டமிட்ட எழுத்துகள்

அன்புள்ள சார்,

இரண்டாம் உலகப் போருக்குப் போன ஜப்பானிய மாணவர் சிப்பாய்களின் கடிதங்களைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். ஒரு சந்தேகம். எல்லாம் ராணுவத் தணிக்கையைத் தாண்டி வந்தவைதானே? சந்தோஷமாகப் போகிறேன் என்று அம்மாவுக்கு எழுதியவன் நிஜமாகவே சந்தோஷமாகப் போனானா? இதை எப்படி நம்புவது?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

அப்படியே நம்ப முடியாதுதான். பொய் என்று தள்ளவும் முடியவில்லை. ஹாஸ்டலில் நான் பத்து நாள் காய்ச்சலில் கிடந்தபோது வீட்டுக்குப் போட்ட இன்லேண்ட் லெட்டரையும் 'நலம், நலமறிய ஆவல்' என்றுதான் ஆரம்பித்தேன். எந்த அதிகாரியும் சொல்லி எழுதியதல்ல. அம்மா படிப்பாள், அவ்வளவுதான்.

அந்தப் பையன்களுக்கு அம்மாவும் இருந்தாள், அதிகாரியும் இருந்தான். அதுவரை கல்லூரி மாணவர்கள் பட்டாளத்தில் சேர்வதைத் தள்ளிப்போடலாம். 1943 அக்டோபரில் அந்தச் சலுகையை எடுத்தார்கள், அதிலும் அறிவியல், மருத்துவம், பொறியியல் படித்தவர்களை விட்டுவிட்டு, இலக்கியமும் சட்டமும் பொருளாதாரமும் படித்தவர்களுக்கு மட்டும். அக்டோபர் 21 அன்று டோக்கியோவில் மெய்ஜி ஜிங்கு மைதானத்தில், மழையில் நனைந்தபடி, கல்லூரிச் சீருடையும் தோளில் துப்பாக்கியுமாக அணிவகுத்துப் போனார்கள். பிரதமர் தோஜோ முன்னிலையில், உயிரோடு திரும்பும் எண்ணமில்லை என்று மாணவர் சார்பில் ஒருவர் பேசினார். ஊரறிய இப்படிச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் வீட்டுக்கு வேறென்ன எழுதுவார்கள்?

நீங்கள் கேட்காத இன்னொரு சல்லடையும் உண்டு, தொகுப்பாளர்கள். 75 மாணவர்களின் எழுத்துகளோடு 1949-இல் வந்த தொகுப்பில் போர்வெறி தலைக்கேறிய எழுத்துகளைச் சேர்க்கவில்லை. அவற்றையும் போடுவதுதான் நியாயம் என்று முதலில் வாதாடியதாகவும், பிறகு விட்டுக்கொடுத்ததாகவும் பேராசிரியர் வதனபே கசுவோ முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான், ஆனால் அவர் முதலில் சொன்னதே சரி என்பது என் கட்சி. (ஜெர்மனியில் பேராசிரியர் பிலிப் விட்கோப், போர்முனை மாணவர்களின் கடிதங்களை 1916-இல், முதல் உலகப் போர் நடக்கும்போதே தொகுத்தார். அங்கே சல்லடை வேறு மாதிரி.)

சரி, தணிக்கைக்குப் போகாத எழுத்து ஒன்றைச் சொல்கிறேன். உஎஹாரா ரியோஜி, கெய்யோ பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தவர், 1945 மே 11 அன்று தற்கொலைப் படை விமானத்தில் ஒகினாவா நோக்கிப் போய் இறந்தார், வயது 22. முந்தைய இரவு சிரான் விமானத் தளத்தில் ஒரு செய்தியாளர் கேட்டதற்காக எழுதிக் கொடுத்த தாளில், சர்வாதிகார நாடுகள் தோற்றே தீரும், நாளை ஒரு சுதந்திரவாதி இந்த உலகை விட்டுப் போகிறான் என்கிறார். தபாலில் போட்டிருந்தால் வீடு வந்து சேர்ந்திருக்குமா, தெரியாது.

எனக்கு அதைவிட நெருக்கமானது அவர் விட்டுப்போன ஒரு புத்தகம். முசோலினியை எதிர்த்த இத்தாலியத் தத்துவவாதி குரோச்சேயைப் பற்றி ஜப்பானிய வரலாற்றாசிரியர் ஹானி கோரோ எழுதியது. பக்கங்களில் அங்கங்கே ஒற்றை எழுத்தைச் சுற்றி ஒரு வட்டம், சில பக்கம் தள்ளி இன்னொன்று. வரிசையாகக் கூட்டிப் படித்தால் ஒரு பெண்ணிடம் விடைபெறுகிறார். இதில் தணிக்கை அதிகாரிக்கு என்ன வேலை? இருந்தும் ஒளித்துத்தான் எழுதியிருக்கிறார்: உன்னைப் பிடித்திருந்தது, ஆனால் உனக்கு அதற்குள் நிச்சயமாகியிருந்தது, நீ நன்றாக இருக்கவேண்டும் என்று நினைத்தேன், அதனால் சொல்லவில்லை.