முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைத்தால் 100 சிசி வண்டி ஏற்றத்தில் நன்றாக இழுக்குமா?

கேட்டவர் கன்னியாகுமரி மாவட்டத்தில் அருமனையிலிருந்து பத்துகாணிக்கு தினமும் 100 சிசி வண்டியில் பின்னால் ஆளும் சாமானுமாகப் போய்வருகிறார். ஏற்றத்தில் மூன்றாம் கியர் தாங்கவில்லை, இரண்டில் போட்டால் இஞ்சின் அலறுகிறது. முன் ஸ்பிராக்கெட்டை, அதாவது இஞ்சின் பக்கம் செயினை இழுக்கும் பல் சக்கரத்தை, சின்னதாக்கினால் தீருமா, மைலேஜும் செயினும் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறார்.

தீரும். நானும் அதே மாதிரி வழியில்தான் ஓட்டுகிறேன், ஒரு பல் குறைத்து நான்கு வருடம் ஆகிறது. எனக்குத் தொழில் தேனீ வளர்ப்பு, ஊர் மார்த்தாண்டம் பக்கம். பெட்டிகள் சிற்றாறு, பேச்சிப்பாறை பக்கத்து ரப்பர் தோட்டங்களில் இருக்கும். மாசி பிறந்து ரப்பர் துளிர்த்துவிட்டால் எங்களுக்கு ஓய்வே கிடையாது. ரப்பரில் தேனீ தேன் எடுப்பது பூவில் அல்ல, துளிர் இலைக்காம்பில் ஊறும் இனிப்பு நீரில். அந்தத் துளிர் முற்றுவதற்குள் எடுத்தாக வேண்டும். தேன் ஒரு லிட்டர் ஏறக்குறைய 1.4 கிலோ வரும். 20 லிட்டர் கேன் இரண்டைக் கட்டினால் 56 கிலோ. அதோடு சரல் மண் ஏற்றத்தில் ஏறி, அதே சரலில் இறங்க வேண்டும். இதைச் சொல்வது ஏனென்றால், ஸ்பிராக்கெட் மாற்றுவது நல்லதா கெட்டதா என்பதை வண்டியை வைத்துச் சொல்ல முடியாது. ஓட்டும் வழியையும் ஏற்றும் பாரத்தையும் வைத்துத்தான் சொல்ல முடியும்.

வண்டியின் பெயரை நான் எழுதவில்லை. ஒரே பெயரில் வரும் வண்டியிலும் வருடத்துக்கு வருடம் பல் கணக்கு மாறும். கடையில் பெயரைச் சொல்லி வாங்காமல், கவரைக் கழற்றி உங்கள் வண்டியில் எண்ணிப் பாருங்கள். என் வண்டியில் முதலில் இருந்தது முன்னால் 14, பின்னால் 42. வகுத்தால் 3. முன் ஸ்பிராக்கெட் மூன்று சுற்று சுற்றினால் பின் சக்கரம் ஒரு சுற்று. முன்னால் 13 போட்டால் 3.23. பின் சக்கரத்துக்குப் போகும் இழுவை 7.7 சதவீதம் கூடும். அதே அளவுக்கு இஞ்சினும் கூடுதலாகச் சுற்ற வேண்டும். முன்பு 5000 சுற்றில் போன வேகத்துக்கு இப்போது 5385 சுற்று. அல்லது இஞ்சின் சத்தம் முன்போலவே இருக்க வேண்டுமானால், 60-இல் போனவர் 55, 56-இல் போக வேண்டும்.

முன்னால் ஒரு பல் குறைப்பது பின்னால் மூன்று பல் கூட்டுவதற்குச் சமம். 42-க்குப் பதில் 45 போட்டாலும் ஏறக்குறைய இதே பலன்தான். ஆனால் முன் ஸ்பிராக்கெட்டின் விலை அதைவிட மிகக் குறைவு, வேலையும் அரை மணி நேரம். அதனால்தான் எல்லோரும் முன்னால் கை வைக்கிறார்கள்.

7.7 சதவீதம் கேட்கச் சின்னதாக இருக்கும். இந்த மாதிரி வண்டிகளில் ஒரு கியருக்கும் அடுத்த கியருக்கும் நடுவே பொதுவாக 30 சதவீத அளவுக்கு இடைவெளி உண்டு. அதில் கால் பங்கை ஒரு பல் நிரப்புகிறது. நீங்கள் சொல்லும் தொந்தரவு சரியாக அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. இரண்டில் அலறுகிறது, மூன்றில் திணறுகிறது. 13 போட்டபின் என் வண்டி பழைய ஏற்றங்களில் பலவற்றை மூன்றிலேயே ஏறுகிறது. முதல் கியரில் பாரத்தோடு எடுக்கும்போது கிளச்சை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு நிற்கும் நேரமும் குறைந்தது. இறக்கத்தில் கிடைத்த பலனை நான் எதிர்பார்த்திருக்கவே இல்லை. இரண்டாம் கியரில் ஆக்சிலேட்டரை விட்டால் இஞ்சின் முன்பைவிட இறுக்கமாகப் பிடிக்கிறது. பின்னால் 56 கிலோ தள்ளிக்கொண்டு வரும்போது, ஈரச் சரலில் பிரேக்கை நம்பி இறங்காமல் இஞ்சினை நம்பி இறங்கலாம். எனக்கு ஏற்றத்தைவிட இதுதான் பெரிய ஆறுதல்.

ஆனால் கடைக்குப் போகும் முன் ஒன்று. வண்டி முன்பு இதே ஏற்றத்தில் ஏறியதா, இப்போதுதான் ஏற மறுக்கிறதா? இப்போதுதான் என்றால் ஸ்பிராக்கெட்டைத் தொட வேண்டாம். நான் முதல் தடவை கேட்டுப் போனபோது எங்கள் மெக்கானிக் அண்ணன் பல்லைப் பற்றிப் பேசவே இல்லை. "மக்கா, மொதல்ல கிளச்சு சறுக்குதான்னு பாப்போம். பல்லு எங்கயும் ஓடிப் போவாது" என்றார். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரைத் திருகும்போது சத்தம் மட்டும் கூடி வேகம் கூடாவிட்டால் கிளச் பிளேட் முடிந்துவிட்டது. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றினால் தாராளமாகச் சுற்ற வேண்டும், உடனே நின்றால் பிரேக் உரசுகிறது. ஏர் ஃபில்டரைத் தட்டிப் பாருங்கள், நம் மலைப்பாதைப் புழுதி அதை மூன்று மாதத்தில் அடைத்துவிடும். டயரில் காற்று குறைந்தாலும் இதே திணறல் வரும். இவை எல்லாம் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால்தான் பல் கணக்குக்கு வர வேண்டும்.

செயின் விஷயம். இந்த வண்டிகளில் பெரும்பாலும் 428 செயின். முதல் எண் 4 என்றால் எட்டில் நான்கு, அதாவது அரை அங்குலம், 12.7 மில்லிமீட்டர். ஒரு கண்ணியின் பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் உள்ள தூரம் அது. முன்னால் ஒரு பல் குறைந்தால் பின் சக்கரத்தை அந்தத் தூரத்தில் கால் பங்கு, ஏறக்குறைய 3 மில்லிமீட்டர், பின்னால் தள்ள வேண்டும். புதுச் செயினாக இருந்தால் அட்ஜஸ்டரில் தாராளமாக இடம் இருக்கும். ஓடித் தளர்ந்த செயின் ஏற்கனவே கடைசிக் கோட்டில் நின்றால் அந்த 3 மில்லிமீட்டருக்கு இடம் இருக்காது. பழைய செயினோடு புது ஸ்பிராக்கெட்டைச் சேர்க்கவும் கூடாது. தேய்ந்த செயினின் கண்ணிகள் நீண்டுபோயிருக்கும், அவை புதுப் பல்லைக் கரண்டித் தின்றுவிடும். பின் ஸ்பிராக்கெட்டின் கடைக்கோடியில் செயினை விரலால் பின்னுக்கு இழுத்துப் பாருங்கள். பல்லில் பாதி வெளியே தெரிந்தால் அந்தச் செயினின் காலம் முடிந்தது.

சின்ன ஸ்பிராக்கெட் செயினுக்கு வேலையைக் கூட்டும் என்பதும் உண்மை. இஞ்சினின் அதே முறுக்கு விசைக்கு, வட்டம் சிறுக்கச் சிறுக்கச் செயின் மேல் விழும் இழுப்பு கூடும். ஒவ்வொரு கண்ணியும் கூடுதலாக வளைந்து திரும்ப வேண்டும். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மேல் இருக்கும் ரப்பர் பட்டையிலும் செயின் கொஞ்சம் கூடுதலாக உரசும், அந்தப் பட்டையை அவ்வப்போது பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் ஈடாகச் சின்ன நன்மை ஒன்று உண்டு. செயினில் கண்ணிகள் எப்போதும் இரட்டைப்படையில்தான் இருக்கும். 14 பல்லில் ஒரே பல் எப்போதும் உள்கண்ணியையே, அல்லது எப்போதும் வெளிக்கண்ணியையே சந்திக்கும். 13-இல் மாறி மாறிச் சந்திப்பதால் தேய்மானம் எல்லாப் பல்லுக்கும் பரவும். ஆனால் 12-க்கு மட்டும் இறங்காதீர்கள். 100 சிசிக்கு 13 போதும். அதற்குக் கீழே போனால் சாலையில் கொஞ்சம் வேகம் எடுத்தாலே இஞ்சின் கதறும், செயினும் சீக்கிரம் போய்விடும்.

மாட்டும்போது நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன். சக்கரத்தைப் பின்னால் தள்ளினேன், செயின் தொய்வு சரி பார்த்தேன், இரண்டு பக்கமும் கோடு ஒன்றாக இருக்கிறதா என்றும் பார்த்தேன். பிரேக் கம்பியை மறந்துவிட்டேன். டிரம் பிரேக்கில் சக்கரம் பின்னால் போனால் கம்பி இழுபட்டு, பெடலில் இருக்க வேண்டிய சும்மா ஆட்டம் குறையும். அன்று களியல் தாண்டுவதற்குள் டிரம்மில் கை வைக்க முடியாத சூடு. ஏற்றத்துக்காக ஸ்பிராக்கெட் மாற்றிவிட்டு, பிரேக்கைப் பிடித்தபடியே ஏறியிருக்கிறேன். சக்கரத்தை நகர்த்தினால் பிரேக் நட்டையும் திருத்தியே ஆக வேண்டும்.

மற்றது சின்னச் சின்ன விஷயம். புது ஸ்பிராக்கெட்டை வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய், நடுத்துளையின் வரிப்பற்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஒப்பிட்டு வாங்குங்கள். எந்த முகம் வெளியே இருந்ததோ அதே முகம் வெளியே வர வேண்டும், மாறினால் செயின் கோணலாக ஓடும். போல்ட்டுகளைச் செயின் மாட்டியிருக்கும்போதே கியரில் போட்டுப் பின் பிரேக்கை மிதித்துக்கொண்டு தளர்த்தினால் சுலபம். செயினின் இரு முனைகளையும் சேர்க்கும் செயின் லாக்கின் மூடிய முனை வண்டி போகும்போது செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். திறந்த முனை முன்னால் இருந்தால் ஒருநாள் வழியில் கழன்றுவிடும்.

மைலேஜ் பற்றி. மலை வழியில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, முன்பு இரண்டாம் கியரில் குடித்த பெட்ரோலை இப்போது மூன்றில் மிச்சப்படுத்துகிறேன். சமவெளியில் டேங்க் நிரப்பி நிரப்பிப் பார்த்ததில் லிட்டருக்கு 2, 3 கிலோமீட்டர் குறைந்தது. உங்கள் வண்டியில் ஸ்பீடாமீட்டர் கேபிள் முன் சக்கரத்திலிருந்து வந்தால் இந்தக் கணக்கு சரியாக வரும். சில வண்டிகளில் கியர்பாக்ஸ் பக்கத்து சென்சாரிலிருந்து வரும். அதில் 13 போட்டால் உண்மையில் 60-இல் போகும்போது மீட்டர் 64, 65 காட்டும். ஓடிய தூரமும் அதே அளவு கூடுதலாக ஏறும். "ஒரு பல் குறைத்தேன், மைலேஜ் குறையவே இல்லை" என்று சொல்பவர்களில் சிலர் அந்தக் கூடுதல் கிலோமீட்டரைத்தான் மைலேஜாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

பெட்ரோல் மிச்சம் பிடிக்க ஒரு பல் கூட்டலாமா என்ற எதிர்க்கேள்வி எப்போதும் வரும். அதையும் செய்து பார்த்தேன், 13-க்கு முன்னாலேயே. வள்ளியூர் வரை தேன் பாட்டில் கொண்டுபோன காலத்தில் 15 போட்டேன். போகும்போது சுகமாக இருந்தது, இஞ்சின் அமைதியாக ஓடியது. ஆனி மாதம். திரும்பும்போது காவல்கிணறு தாண்டி முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே வந்ததும் மேற்கிலிருந்து வரும் மேல்காற்று நேர் எதிரே பிடித்தது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 50-இல் போகிறவனுக்கு எதிரே 30-இல் காற்று வந்தால் அவனைத் தள்ளும் காற்று 80. தடை இரண்டரை மடங்குக்கு மேல். டாப் கியர் தாங்கவில்லை. ஆரல்வாய்மொழி கணவாய் முழுக்க மூன்றில் முறுக்கிக்கொண்டே வந்தேன், மூன்றில் வந்தபின் 15 பல் மிச்சப்படுத்தியது என்ன? அடுத்த வாரம் அதே வண்டியில் கேனோடு தோட்டத்து ஏற்றத்தில் கிளச் கருகிய வாடை வந்தது. 15 பெரிய இஞ்சினுக்கு, தனியாக நீண்ட தூரம் ஓட்டுபவருக்குப் பொருந்தலாம். பாரம் சுமக்கும் 100 சிசிக்கு வேண்டாம். பெரிய பல் கவரில் இடிக்கிறதா என்றும் அதில் பார்க்க வேண்டியிருக்கும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். கிளச்சும் பிரேக்கும் ஃபில்டரும் இந்த வாரமே பார்ப்பேன். வண்டி வாரண்டியில் இருந்தால் அது முடியும்வரை பொறுப்பேன். செயின் பாதி ஓடியிருந்தால் அது முடியும்வரை இரண்டாம் கியரிலேயே சமாளித்து, செயின் செட் மாற்றும் அன்று செட்டோடு வரும் 14-க்குப் பதில் தனியாக 13 வாங்கி மாட்டச் சொல்வேன். அந்த 14-ஐ எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வீட்டில் வைப்பேன், ஊர் மாறிச் சமவெளிக்குப் போக நேர்ந்தால் அடுத்த செட்டோடு அது திரும்ப ஏறிக்கொள்ளும். முதல் 500 கிலோமீட்டரில் செயின் தொய்வை இரண்டு தடவையாவது பாருங்கள், புதுச் செயின் அந்த நாட்களில்தான் அதிகம் தளரும்.